எவரி டர்போவில் ஐட்லிங் வெக்கியூம் 13 இஞ்ச்: லீக்கா, இஞ்சினா?

கல்லாறு64:

வாகனம் சுசுக்கி எவரி வேகன், டிஏ64, கே6ஏ டர்போ இஞ்சின், ஓட்டோ கியர். பிறகு பூட்டின பூஸ்ட் கேஜ் முந்தி ஐட்லிங்கில மைனஸ் 0.6 பார் காட்டும். இப்ப மைனஸ் 0.45ஐத் தாண்டுதில்ல. கராஜில வேற வெக்கியூம் கேஜ் வச்சுப் பார்த்தாலும் 13, 13.5 இஞ்ச் (பாதரச அளவு)தான். ஊசி ஆடாம ஒரே இடத்தில நிக்குது. ஐட்லிங் 850, அதில மாற்றம் இல்ல. செக் லைட் எரியல்ல. பூஸ்ட் (டர்போ அமத்துற காத்தழுத்தம்) வழமை போல ஏறுது, ஆனா 2500க்குக் கீழ இழுவை இல்ல, பெற்றோலும் கூடக் குடிக்குது. பிரேக்கை அடுத்தடுத்து ரெண்டு தரம் மிதிச்சா மூண்டாவது கொஞ்சம் இறுக்கம்.

கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்த்தாங்க, ஆர்பிஎம் மாறல்ல. "டர்போ போயிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையில ஒண்டு எடுத்து மாத்துவம்" எண்டு சொல்றாங்க. டர்போவால வெக்கியூம் குறையுமா? டர்போ இஞ்சினுக்கு எத்தனை இஞ்ச் சரி? எதில இருந்து தொடங்கிப் பார்க்கிறது?


காத்தான்குடி_காக்கா:

தம்பி, டர்போவுக்கு இப்ப காசு குடுக்காதீங்க. வெக்கியூம், அதாவது வெளிக்காத்தை விடக் குறைஞ்ச அழுத்தம், உண்டாகிறது பெடலை மிதிக்கத் திறக்கிற திராட்டில் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில. டர்போ இருக்கிறது தட்டுக்கு அங்கால, காத்து உள்ள வாற பக்கம். ஐட்லிங்கில அது சும்மா சுத்துமே தவிர காத்தை அமத்தாது. டர்போ செத்தா பூஸ்ட் குறையும், நீலப் புகை வரும், விசில் சத்தம் மாறும். பூஸ்ட் ஒழுங்கா ஏறுது எண்டு நீங்களே சொல்றீங்க.

முதல்ல ரீடிங் சரிதானா எண்டு பாருங்க. முக்கால்வாசிப் பேர் பிழை விடுறது அளக்கிற இடத்தில.

இஞ்சின் நிப்பாட்டி இருக்கக்க கேஜ் ஊசி சரியா சைபரில நிக்கோணும். ஹோஸ் எடுக்கிறது திராட்டிலுக்குப் பிறகு, சிலிண்டருகளுக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்கிற மெனிபோல்டில இருந்து. டர்போட கம்ப்ரெசர் பக்கம், பூஸ்ட்டை மட்டுப்படுத்துற வேஸ்ட்கேட்டுக்குப் போற நிப்பிளில எடுத்தா ஐட்லிங்கில ஒண்டும் காட்டாது. பிரேக் பூஸ்டர் ஹோஸில ரீ (T) மூட்டுப் போடுறதா இருந்தா ஒருவழி வால்வுக்கு மெனிபோல்ட் பக்கம் போடுங்க, மத்தப் பக்கம் போட்டா பழைய வெக்கியூமைப் பிடிச்சு வச்சுக் காட்டும். திராட்டில் பொடியில தட்டு விளிம்புக்கு மேல இருக்கிற சின்ன நிப்பிளும் சரிவராது, தட்டு மூடி இருக்கக்க அதில இழுவை இல்ல.

இஞ்சின் நல்லா சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் ஒருக்கா வேலை செஞ்சு நிண்ட பிறகு அளங்க. கியர் பியில, ஏசி ஓஃப், லைட் ஓஃப், ஸ்டியரிங் நேரா. நம்மட ஊர் வெயிலுக்கு ஏசியை ஓஃப் பண்ண ஆரும் விரும்புறதில்ல, ஆனா 660 சிசிக்கு ஏசி பெரிய சுமை, அதாலயே ரெண்டு மூண்டு இஞ்ச் விழலாம். டியில போட்டு பிரேக்கை மிதிச்சுக்கொண்டு அளந்தாலும் அப்படித்தான்.

ஸ்கேனர் இருந்தா இன்னும் நல்லம். சாவி ஓன், இஞ்சின் ஓஃபில மெப் சென்சர் (மெனிபோல்ட் அழுத்தத்தை அளக்கிறது) 100, 101 கிலோபாஸ்கல் காட்டோணும். ஸ்டார்ட் பண்ணின பிறகு வாற எண்ணை அதில இருந்து கழியுங்க, மிச்சத்தை 3.39ஆல பிரியுங்க, இஞ்ச் கணக்கு வரும். மெப் 35 எண்டா 66 மிச்சம், 19.5 இஞ்ச். உங்கட 13.3 சரி எண்டா மெப் 56 அளவில நிக்கும். அப்படி நிண்டா கேஜ் பொய் சொல்லல்ல.

நல்ல இஞ்சினுக்கு கடல் மட்டத்தில 17 தொடக்கம் 21. டர்போவுக்கு 16 வரைக்கும் கவலைப்படத் தேவையில்ல. கல்லாறு, கல்முனை, பொத்துவில் எல்லாம் கடல் மட்டம்தான், கழிக்க ஒண்டும் இல்ல. 1000 அடி ஏற ஏற ஏறக்குறைய 1 இஞ்ச் குறையும்: செங்கலடியால ஏறி பதுளைக்குப் போனா 2, நுவரெலியாவில 6. அங்க உள்ள ஆக்கள் போடுற எண்ணை வச்சு உங்கட வாகனத்தை நிதானிக்காதீங்க.


அக்கரைப்பற்று_12மிமீ:

டர்போ இஞ்சினுக்கு கம்ப்ரெஷன் ரேஷியோ குறைவு, அதனால வெக்கியூமும் குறைவாத்தான் இருக்கும். 13 எண்டா நோர்மல். ஏர் ஃபில்டரை மாத்திப் பாருங்க, வேளாண்மை வெட்டுற காலத்துப் புழுதியில அடைச்சிருக்கும்.


ஸ்பெனர்_சம்மாந்துறை:

ரேஷியோ குறைவால் ஒன்று, ஒன்றரை இஞ்ச் குறையலாம். நாலரை இஞ்ச் குறையாது. அதோடு இதே வாகனம் முன்பு மைனஸ் 0.6 காட்டியிருக்கிறது, அது 17.7 இஞ்ச். ரேஷியோ இடையில் மாறவில்லையே. ஏர் ஃபில்டரும் காரணம் அல்ல. ஐட்லிங்கில் போகும் காற்று மிகக் கொஞ்சம், அதைத் தடுப்பது திராட்டில் தட்டுத்தான். ஃபில்டர் அடைத்தால் அடையாளம் தெரிவது முழுப் பெடலில், பூஸ்ட் குறைவாக. புழுதிக்காக மாற்றுவதில் பிழையில்லை, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை.

கல்லாறு64, நீங்கள் எழுதியதில் பெறுமதியான தகவல் ஐட்லிங் 850இல் மாறாமல் நிற்கிறது என்பது. வெக்கியூம் குறைந்தால் எல்லாரும் முதலில் லீக் தேடுகிறார்கள். லீக் காற்றும் காற்றுதான் என்பதை யோசிப்பதில்லை. கே6ஏ மெப் சென்சரை வைத்துப் பெற்றோல் கணக்குப் போடுகிற இஞ்சின். மெனிபோல்டில் லீக் வந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், கம்பியூட்டர் அதற்கேற்ற பெற்றோலையும் விடும், ஆர்பிஎம் ஏறும். உடனே ஐட்லிங்குக்குக் காற்று விடும் ஐட்லிங் வால்வையோ, எலெக்ட்ரோனிக் திராட்டில் என்றால் தட்டையோ மூடி ஆர்பிஎம்மை இறக்கும். தட்டால் வந்த காற்றுக்குப் பதிலாக லீக்கால் காற்று வருகிறது, அவ்வளவுதான். சிறிய லீக்கை இப்படி விழுங்கிவிட்டு வெக்கியூம் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். முற்றாக மூடியும் காற்று மிஞ்சினால் ஐட்லிங் 1200, 1500 என்று தூக்கி நிற்கும்.

அதாவது வெக்கியூம் குறைந்து ஐட்லிங் ஏறியிருந்தால் லீக். வெக்கியூம் குறைந்து ஐட்லிங் சாதாரணமாக இருந்து, ஐட்லிங் வால்வு வழமையை விடத் திறந்திருந்தால், இஞ்சின் அதே 850ஐச் சுற்றக் கூடுதல் காற்றுக் கேட்கிறது. சக்தி எங்கேயோ வீணாகிறது. உங்களுடையது இரண்டாவது மாதிரித் தெரிகிறது. ஏர் ஃப்ளோ மீற்றர் வைத்த வாகனங்களுக்கு, உதாரணமாக சுபாரு டபிள்யூஆர்எக்ஸுக்கு, இந்தக் கணக்குச் சரிவராது: அங்கே லீக் காற்று மீற்றருக்குத் தெரியாமல் உள்ளே போகும், கலவை மெலியும், ஐட்லிங் குலுங்கும், ஃபியுவல் ட்ரிம் (கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் பிளஸ் பக்கம் ஏறி 2500 ஆர்பிஎம்மில் இறங்கும்.

ஆனாலும் லீக் பார்க்கச் செலவில்லை, முதலில் அதை முடித்துவிடுங்கள். இஞ்சின் ஓடும்போது மெனிபோல்டிலிருந்து போகிற ஹோஸ்களை ஒவ்வொன்றாக, மெனிபோல்டுக்குக் கிட்ட, துணி சுற்றிய பிளையரால் நசியுங்கள். எதை நசிக்கும்போது ஊசி ஒரு இஞ்சுக்கு மேல் ஏறுகிறதோ அந்த வழியில் காற்று வருகிறது. பிரேக் பூஸ்டர், பிசிவி (இஞ்சினுக்குள் சேரும் ஆவியை மெனிபோல்டுக்கு விடும் ஒருவழி வால்வு), பூஸ்ட்டை விடுகிற பைபாஸ் வால்வின் மேல்மூடிக்குப் போகும் மெல்லிய ஹோஸ், பெற்றோல் ஆவி இழுக்கும் பேர்ஜ் வால்வு, இவ்வளவும் பார்க்க வேண்டும். பைபாஸ் வால்வு திறந்தே இறுகியிருந்தால் பூஸ்ட்தான் குறையும், ஏனென்றால் அது திராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. அதன் உள் டயஃப்ரம் கிழிந்தால் மட்டும் மெல்லிய ஹோஸ் வழியாக மெனிபோல்டுக்குக் காற்று வரும்.

பிசிவியைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். இஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், மெனிபோல்ட் பக்கமிருந்து ஊதினால் போகவே கூடாது. டர்போ இல்லாத இஞ்சினில் இது கொஞ்சம் கசிந்தாலும் பெரிய சேதமில்லை. டர்போவில் பூஸ்ட் வரும்போது அந்த அழுத்தம் முழுக்க ஒயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். டிப்ஸ்டிக் மேலே தள்ளும், சீல் எல்லாம் கசியும், டர்போவிலிருந்து ஒயில் திரும்பி இறங்க முடியாமல் புகை வரும். பிறகு அதற்கும் "டர்போ போயிட்டு" என்பார்கள்.

எவரியில் இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே. சூடு அங்கேயே தங்கும், ஹோஸ் நுனிகள் கல்லு மாதிரி இறுகி நிப்பிளைச் சுற்றி வெடிக்கும். கடற்கரை ஓட்டம் என்றால் இரும்பு நிப்பிளும் உப்பில் அரித்து மேடு பள்ளமாக இருக்கும், கிளிப் போட்டாலும் இறுகாது. நிப்பிளை நல்ல தாளால் தேய்த்து, ஹோஸில் ஒரு சென்றிமீற்றர் வெட்டிவிட்டுப் பூட்டலாம், நீளம் காணாவிட்டால் தடித்த சுவர் வெக்கியூம் ஹோஸ் வாங்குங்கள். மீன்தொட்டி டியூப் போட்டு வைத்த வாகனங்களும் ஓடுகின்றன, அது சூட்டில் நசிந்து அடைபடும்.

கார்ப் கிளீனர் அடிப்பதை நிறுத்துங்கள். டர்போவும் எக்சோஸ்ட் மெனிபோல்டும் பக்கத்திலேயே, சீற்றுக்குக் கீழே காற்றோட்டமும் இல்லை, தீப்பிடிக்க அது போதும். இஞ்சினை நிறுத்தி, புகை மெஷினால் மெனிபோல்டுக்குள் 1 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் புகை விடுவதுதான் முறை. மெஷின் இல்லாவிட்டால் டர்போ வாயை அடைத்துக் காற்று விட்டு, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கலாம். 10 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டாம், திராட்டிலைத் திறந்து வையுங்கள், மூடியிருந்தால் தட்டு வரைதான் சோதித்ததாகும். திறந்த வால்வு வழியாக எக்சோஸ்டுக்குப் போகும் காற்று எப்போதும் கொஞ்சம் இருக்கும், கிராங்கைச் சற்றுத் திருப்பினால் குறையும். அதை லீக் என்று எண்ணாதீர்கள்.

பிரேக்குக்கு வேறாக ஒரு சோதனை: இஞ்சின் நிறுத்தி ஐந்தாறு தரம் மிதித்து, பெடலை அமர்த்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது, 13 இஞ்ச் போதாததால்தான் மூன்றாவது மிதியில் இறுகுகிறது.

லீக் இல்லை என்று உறுதியானால் கேஜை வைத்து இரண்டு பார்வை பாருங்கள்.

ஒன்று, 2500இல் பெடலைப் பிடித்து வையுங்கள். வெக்கியூம் ஐட்லிங்கை விட ஏறி நிற்க வேண்டும். முதலில் ஏறி, பிறகு அரை நிமிடத்தில் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எக்சோஸ்டில் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலைசர் அடைப்பு. டர்போவில் அழுத்தத்தை நேரடியாக அளப்பதென்றால் டர்பைனுக்குப் பிறகுள்ள ஒட்சிசன் சென்சர் துளையில் அளக்க வேண்டும். டர்பைனே ஒரு தடை என்பதால் அதற்கு முன்னால் அழுத்தம் கூடத்தான் இருக்கும். டர்பைனுக்குப் பிறகு ஐட்லிங்கில் 1.25 பிஎஸ்ஐ, 2500இல் 3 பிஎஸ்ஐக்கு மேல் வந்தால் அடைப்பு.

இரண்டு, பெடலை ஒரே அடியாக மிதித்து உடனே விடுங்கள். ஊசி சைபருக்கு விழுந்து, 23, 24க்குத் துள்ளி, பிறகு பழைய இடத்துக்கு வர வேண்டும். 20ஐத் தாண்டாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்வு அல்லது வால்வ் டைமிங் (வால்வ் திறந்து மூடும் நேரம்) பிந்தல்.

ஊசி ஒழுங்கான இடைவெளியில் வெட்டி வெட்டி விழுந்தால் ஒரு சிலிண்டரில் வால்வ் எரிந்திருக்கலாம். மூன்று சிலிண்டர் என்பதால் லேசான நடுக்கம் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். உங்கள் ஊசி ஆடவில்லை, ஆகவே மூன்று சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று: ஸ்பார்க் பிந்துகிறது, வால்வ் டைமிங் பிந்துகிறது, ஈஜிஆர் (எக்சோஸ்ட் புகையில் கொஞ்சத்தை மெனிபோல்டுக்குத் திருப்பும் வால்வு) இருந்தால் அது மூடவில்லை, அல்லது மூன்றும் சமமாகத் தேய்ந்திருக்கிறது. ஸ்கேனரில் ஐட்லிங் வால்வ் வீதத்தையும் ஸ்பார்க் டிகிரியையும் எடுத்துப் போடுங்கள்.


கல்லாறு64:

நன்றி காக்கா, ஸ்பெனர் அண்ணன். சொன்ன மாதிரிப் பார்த்தாச்சு.

மெப், இஞ்சின் ஓஃபில 101, ஐட்லிங்கில 55. ஹோஸ் எல்லாம் நசிச்சதில பிசிவியில மட்டும் அரை இஞ்ச் ஏறினது, மத்ததில ஒண்டும் இல்ல. பிசிவி ஊதிப் பார்த்தது, ஒரு பக்கம்தான் போகுது. ஐட்லிங் வால்வ் வழமையை விடக் கூடத்தான் திறந்திருக்கு எண்டு ஸ்கேன் பண்ணினவர் சொன்னார். 2500இல 17 வரைக்கும் ஏறி அப்படியே நிக்குது. அடிச்சு விட்டா 20க்குத்தான் துள்ளுது. ஈஜிஆர் இல்ல. ஸ்பார்க் டிகிரி வழமையான அளவு எண்டு சொன்னார்.

கம்ப்ரெஷன்: 9.2, 9.0, 9.1 பார். ஒயில் விட்டு அளந்தா 0.3தான் கூடினது.


ஸ்பெனர்_சம்மாந்துறை:

பிசிவியில் அரை இஞ்ச் ஏறுவது சரி. அது அளவாகக் காற்று விடவேண்டிய வால்வ், ஒன்றுமே ஏறாவிட்டால்தான் அடைபட்டிருக்கும்.

கம்ப்ரெஷன் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். மூன்று பிளக்கும் கழற்றி, கொயிலும் இன்ஜெக்டரும் சொக்கட் கழற்றி, திராட்டில் முழுக்கத் திறந்து, பற்றரி நல்ல சார்ஜில் ஐந்தாறு அமுக்கம் அடித்திருக்க வேண்டும். திராட்டில் மூடி அளந்தால் நல்ல இஞ்சினும் தாழ்வாகவே காட்டும். முறையாக அளந்திருந்தால் மூன்றும் சமன், ஆனால் மூன்றும் தாழ்வு. ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். 0.3 ஏறுவது எந்த இஞ்சினிலும் ஏறும். வால்வ் எரிந்திருந்தால் மூன்றும் இவ்வளவு சமனாக இராது.

மிஞ்சுவது வால்வ் டைமிங். டைமிங் செயின் நீண்டோ, ஒரு பல் தாண்டியோ, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு பிந்தினால் இன்டேக் வால்வ் பிந்தி மூடும். பிஸ்டன் மேலேறும்போது எடுத்த காற்றில் ஒரு பங்கு மெனிபோல்டுக்கே திரும்பிப் போகும். அதனால் கம்ப்ரெஷனும் விழும், வெக்கியூமும் விழும், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையும் போகும். ஆர்பிஎம் ஏற ஏறக் காற்றின் வேகம் அதை ஓரளவு சமாளித்துவிடும், அதனால்தான் 2500இல் 17 வருகிறது, பூஸ்டும் வழமை போல ஏறுகிறது. ஸ்பார்க் டிகிரி சரியாகக் காட்டுவதால் செயின் சரி என்று ஆகாது, வால்வின் திறப்பு மூடலை அந்த எண் சொல்லாது. செயின் கொஞ்சம் நீண்டதற்கு செக் லைட் வரவேண்டும் என்றும் இல்லை.

பிரித்து இறக்குவதற்கு முன் வால்வ் கவரை மட்டும் கழற்றுங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போது முதலில் வால்வ் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, கே6ஏ மெனுவலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இடைவெளி குறைந்து வால்வ் முழுதாக இருக்கையில் அமராமல் இருந்தாலும் இதே மாதிரி நோய் வரலாம். பிறகு கிராங் புலியின் போல்ட்டில் சொக்கட் போட்டு, இஞ்சின் சுற்றும் திசையில் மட்டும், கையால் திருப்பி முதலாம் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அடையாளத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பக் கூடாது, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி வாருங்கள். பின்னால் திருப்பினால் செயினின் தளர்வு இழுபடும் பக்கத்துக்கு மாறிப் பொய்யான நிலை காட்டும், டென்ஷனர் தளர்ந்திருந்தால் பல்லும் தாண்டும்.

கேம் பல்லில் உள்ள குறி, இருக்க வேண்டிய இடத்துக்குப் பிந்தி நிற்கிறதா பாருங்கள். ஒரு பல் முழுக்கத் தாண்டினால் கிராங்கில் ஏறக்குறைய 15 தொடக்கம் 20 டிகிரி, கண்ணுக்கே தெரியும். அரைப் பல் பிந்தியிருந்தால் செயின் நீண்டிருக்கிறது. செயினின் தளர்வுப் பக்கத்தை விரலால் அமர்த்துங்கள். வழிகாட்டித் துண்டிலிருந்து விலகித் தொங்கினால், அல்லது டென்ஷனர் தண்டு கிட்டத்தட்ட முழுக்க வெளியே வந்திருந்தால், சந்தேகமே வேண்டாம்.


அக்கரைப்பற்று_12மிமீ:

அப்ப குளிர்ல ஸ்டார்ட் பண்ணக்க முன்பக்கம் ரெண்டு மூண்டு செக்கன் கிரகிர எண்டு சத்தம் வரோணுமே?


ஸ்பெனர்_சம்மாந்துறை:

பெரும்பாலும் வரும். ஒயில் அழுத்தம் டென்ஷனருக்கு ஏறும் வரை. ஆனால் தடித்த ஒயில் ஊற்றி அந்தச் சத்தத்தை மறைத்திருப்பார்கள். சத்தம் இல்லை என்பதை வைத்துச் செயின் நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம்.


காத்தான்குடி_காக்கா:

செயின்தான் எண்டு முடிவானா செயினை மட்டும் மாத்தாதீங்க. செயின், டென்ஷனர், ரெண்டு வழிகாட்டித் துண்டு, கிராங் முன் சீல், எல்லாம் ஒரே முறையில. தேஞ்ச பல்லில புதுச் செயின் போட்டா அதையும் தின்னும், பல்லின் முனை கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. பாவிச்ச இஞ்சினில இருந்து கழட்டின செயின் வேண்டாம், அது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினது எண்டு விக்கிறவருக்கே தெரியாது.

முன் கவர் பூட்டக்க கஸ்கட் பசையை 3 மில்லிமீற்றர் கோடாத்தான் விடோணும். கூடப் பூசினா உள்ள பிதுங்கி, உடைஞ்சு, ஒயில் வலையில போய் ஒட்டும். டர்போவுக்குப் போற ஒயில் அங்கேயே நிண்டுரும், பிறகு மெய்யாவே டர்போ மாத்த வேண்டி வரும். பூட்டின பிறகு பசை காய விட்டு, புது ஒயிலும் ஃபில்டரும் போட்டு, கொயில், இன்ஜெக்டர் சொக்கட்டைக் கழட்டி வச்சு, ஒயில் லைட் அணையும் வரைக்கும் ஸ்டார்டரால விட்டு விட்டுச் சுத்துங்க. ஒரே பிடியில சுத்தினா ஸ்டார்டர் வேகும்.

ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் பெடலை மிதிக்காம ஓட விடுங்க, பற்றரி கழட்டி இருந்தா ஐட்லிங் திரும்பப் படிக்க நேரம் எடுக்கும். பிறகு அதே நிப்பிள், அதே சூடு, ஏசி ஓஃப், கியர் பி. எத்தனை இஞ்ச் காட்டுது எண்டு இங்க போடுங்க. 17 வராட்டி வால்வ் இடைவெளி அளந்த தாளையும் கையில வச்சிருங்க, அடுத்த கேள்வி அதில இருந்துதான்.